எதிர்பாராமல் பாடுவதற்கான விண்ணப்பம்

கோவிந்தன் திடீரென்று பாட வேண்டிய நாள் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை, நேரம் காலை பதினொன்று பத்து, இடம் போளூர் பேருந்து நிலையம் என்று பன்னிரண்டு நாளுக்கு முன்பே அவனுக்குப் பதிவுத் தபால் வந்துவிட்டது. கூடவே மூன்று படிவங்கள். முதலாவது, எதிர்பாராமல் பாடுவதற்கான விண்ணப்பம். இரண்டாவது, தான் பாடப்போவது தனக்கே தெரியாது என்று பாடுகிறவர் கொடுக்கும் உறுதிமொழி. மூன்றாவது, இப்படி ஒரு பாட்டு நடக்கப்போவது பற்றித் தங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை என்று பொதுமக்களில் நாற்பது பேர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய தாள்.

மகள் கோகிலவாணி மூன்றையும் இரண்டு தடவை படித்தாள். "இன்னாபா இது? தெரியாதுன்னு கையெழுத்துப் போடணும்னா அவங்களுக்குத் தெரியணுமே?"

"நீ படிச்ச பொண்ணு. உனுக்கே புரியலன்னா எனுக்கு எங்கருந்து புரியும்? போட்டுடு கண்ணு," என்றான் கோவிந்தன்.

போட்டுத்தான் ஆக வேண்டும். ஜவ்வாது மலையில் மேல்சீங்காடு என்கிற இருபத்தாறு வீட்டு ஊரில் சாமையும் புளியுமாகக் காலம் தள்ளுகிறவன் அவன். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முப்பதாம் தேதிக்குள், மலைக்குடிப் பிள்ளைதான் என்கிற மலைமரபுச் சான்றைக் கொண்டுபோய்க் காட்டினால் இடம் அவளுக்கு. இல்லையென்றால் பட்டியலில் அடுத்து நிற்கிற பிள்ளைக்கு. முன்பெல்லாம் அப்பனுடைய பழைய தாளைக் காட்டினால் பிள்ளைக்குப் புதுத் தாள் தருவார்கள். இப்போது போலிகள் பெருத்துவிட்டார்களாம். அதனால் சான்று தரும் வேலையை மரபுப் பக்திக் கூட்டிசைத் திடீர் நிகழ்த்து வாரியத்திடம் ஒப்படைத்திருந்தார்கள்.

இந்த வாரியம் பிறந்த கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். மேலிடத்தில் ஒருவர் கைப்பேசியில் ஒரு படம் பார்த்தார். எங்கோ ஒரு குளிர் தேசத்துப் பெரிய கடை. காய்கறிக் கூடையோடு நின்ற ஒரு பெண் திடீரென்று தலையை நிமிர்த்தி ஆண்டவரைத் துதித்துப் பாடுகிறாள். மாடிப்படியில் வந்தவன் சேர்ந்துகொள்கிறான். தரை துடைப்பவன், ரொட்டி தின்றவன் என்று நாற்பது குரல் எழும்புகிறது. சாமான் வாங்க வந்த சனம் நின்ற இடத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. அதை ஏழு கோடிப் பேர் பார்த்திருந்தார்கள். மேலிடத்தவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம் நாட்டில் சாமிக்குப் பஞ்சமா, பாட்டுக்குப் பஞ்சமா, கண்ணீருக்குத்தான் பஞ்சமா என்று கேட்டார். எட்டே மாதத்தில் வாரியம் வந்துவிட்டது. ஒரு இயக்குநர், இரண்டு இணை இயக்குநர்கள், ஒரு கண்ணீர் மதிப்பீட்டு அலுவலர். உண்மையான மலைக்குடிக்குச் சாமிப்பாட்டு ரத்தத்திலேயே இருக்கும், திடீரென்று கேட்டால் திடீரென்று வரும், போலிக்கு வராது என்று வாரியம் கண்டுபிடித்தது. ஆக, ஊரோடு வந்து பாடினால் சான்று.

வாரியத்தின் களப்பணியாளர் பிரகாஷ் முதல் இரண்டு படிவங்களை வாங்க ஜீப்பில் ஏறி வந்தபோது, கோவிந்தன் தன் மனதில் இருந்ததைச் சொல்லிப் பார்த்தான்.

"சார், எங்க பாட்டுக்குக் கேக்கறவங்க இருக்கக் கூடாதுங்க."

பிரகாஷ் சிரித்தார். நல்ல பிள்ளைதான், எல்லாரையும் 'ங்க' போட்டுப் பேசுகிறவர். "ஆடியன்ஸ் இல்லாம எப்படிங்க? விண்ணப்பத்துல பன்னெண்டாவது கட்டம் பாருங்க, எதிர்பார்க்கும் பார்வையாளர் எண்ணிக்கை. நீங்க 'யாருமில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. உங்க தன்னடக்கம் இயக்குநர் அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்குங்க."

தன்னடக்கம் இல்லை, சாமி, அது வழக்கம். மேல்சீங்காட்டில் சாமை அறுப்பதற்கு முன்னால் கொல்லை ஓரமாகச் சுற்றி நின்று மலைச்சாமியைப் பாடுவார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடுவார்கள். வேடிக்கை பார்ப்பவர் என்று அங்கே ஒருவரும் கிடையாது. காதில் விழுந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாயைத் திறந்தாக வேண்டும். சொல் தெரியாதவன் 'ஓ' போட்டால் போதும். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரே ஒரு மூடிய வாய் நின்றாலும் எடுத்துக்கொடுப்பவள் பாட்டை நிறுத்துவாள், குனிந்து மண்ணைத் தொடுவாள், முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்குவாள். ஒரு வருஷம் புதுசாக வந்த புளி வியாபாரி ஒருவர் ஜீப்பில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு ரசித்தார். பாட்டு ஆறு தடவை முதலிலிருந்து வந்தது. ஏழாவது தடவை யாரோ போய் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்கள். அவர் போட்ட 'ஐயோ'வைச் சாமி ஏற்றுக்கொண்டது.

எடுத்துக்கொடுப்பவள் கோவிந்தனின் அக்கா மாணிக்கம்மாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"வாய மூடினு நிக்கிறவன் முன்னால கூப்ட்டா சாமி இன்னாத்துக்குடா வரும்? கச்சேரி கேக்கவா? அறுப்புக்கு இன்னும் ஒரு மாசம் கீது. உனுக்குப் புத்தி கித்தி பெசகிப்போச்சா?"

கோவிந்தனுக்குப் பின்னால் நின்ற கோகிலவாணியை மாணிக்கம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"பொண்ணுக்கோசரம் வர்றேன். ஆனா ஒரு வாய் மூடினு கீதுன்னாலும் நிறுத்திப்புடுவேன். அப்பால என்ன ஒண்ணும் கேக்கக் கூடாது."

அதனால்தான் கோவிந்தன் மூன்றாவது படிவத்தோடு போளூருக்கு இறங்கினான். பேருந்து நிலையத்தில் வாழைப்பழத் தள்ளுவண்டி வைத்திருக்கும் ரஹ்மானைப் பார்க்கச் சொல்லியிருந்தார் பிரகாஷ். வண்டியில் தார்களுக்கு நடுவே ஒரு அடையாள அட்டை தொங்கியது. ரஹ்மான், நிரந்தர வியப்பாளர் என்று அதில் இருந்தது.

"இது எனக்குப் பத்தாவது தபாங்ணா," என்றான் ரஹ்மான். "பஜனை நாலு, கிறிஸ்துமஸ் பாட்டு மூணு, எங்காளுங்க பாட்டு ரெண்டு. எல்லாத்துக்கும் வாயப் பொளந்து நின்னுட்டேன். புருவத்த மேல தூக்கணும், வலது கைய நெஞ்சுல வைக்கணும். இடது கைய வச்சிட்டேன்னு ஒரு தபா மெமோ குடுத்தாங்க. இன்னா பண்றது, வண்டி நிக்கணுமே."

கோவிந்தன் தயங்கித் தயங்கித் தன் ஊர் வழக்கத்தைச் சொன்னான். மகளைச் சொன்னான். முப்பதாம் தேதியைச் சொன்னான்.

"இவ்ளோதானா? நாள் பூரா கூவிக் கூவிப் பழம் விக்கிற வாயிங்ணா இது. சாமி பேரு உங்களுது, 'ஓ' என்னுது. கையெழுத்துப் போடற நாப்பது பேரும் வாயத் தொறப்பான், நான் பாத்துக்கறேன். பொண்ணு நர்சாவட்டும், எனக்கு ஊசி போட ஆளு வாணாமா?"

கும்பிடப்போன கோவிந்தனின் கையை ரஹ்மான் பிடித்து ஒரு சீப்புப் பழத்தைத் திணித்தான்.

பாட்டுக்கு முதல் நாள் ஒரு கல்யாண மண்டபத்தில் இயல்பாக இருப்பதற்கான பயிற்சி நடந்தது. கோவிந்தனுக்குக் கொடுத்த பாத்திரம், பேருந்துக்குக் காத்திருக்கும் மலைக் குடியானவர். ஐந்து நிமிடம் காத்திருந்து காட்டினான். நம்பும்படியாக இல்லை என்று பயிற்சியாளர் அவனை விலக்கிவிட்டு, அந்த இடத்தை வாரியத் தட்டச்சருக்குக் கொடுத்தார். கோவிந்தன் தண்ணீர்த் தொட்டி அருகே நிற்பவர் ஆனான். பிறகு ஆளுக்கொரு பார்சல் தந்தார்கள். உள்ளே பச்சைத் துணியில் வெட்டிய இலைகள், இடுப்பில் கட்டிக்கொள்ள நாடாவோடு.

"எங்காளுங்க இலையெல்லாம் கட்டறதில்லீங்க," என்றான் தன் கட்டம்போட்ட சட்டையைப் பார்த்துக்கொண்டு.

"அது தெரிஞ்சிதாங்க நாங்களே வாங்கிட்டு வந்தோம்," என்றார் பிரகாஷ்.

கடைசியாக இயக்குநர் அன்பரசி பேசினார். நிறையப் படித்தவர், குரலும் இனிமைதான். "மலை மக்களை நான் உயிராக நேசிக்கிறேன். தாங்கள் பார்க்கப்படுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்த வெள்ளந்தித்தனம்தான் அழகு. அது கெட்டுவிடக் கூடாது என்றுதான் ஏழு கேமரா வைத்திருக்கிறோம். எல்லோரும் மூன்றாவது கேமராவைப் பார்க்காதது மாதிரி பார்க்க வேண்டும். பொதுமக்கள் பக்தியால் மட்டுமே அழ வேண்டும். போன வருஷம் பஸ் வரவில்லை என்று அழுத ஒரு அம்மாவைத் தவறுதலாகக் கணக்கில் சேர்த்துவிட்டோம். தணிக்கையில் எவ்வளவு அவமானம் தெரியுமா? ஏழைகள் நம்மை இப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள்." எல்லோரும் கை தட்டினார்கள். கோவிந்தனும் தட்டினான், மகளுக்காக.

வியாழக்கிழமை பதினொன்று பத்து. வேலூர் பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. பூக்காரிகள், முறுக்கு விற்பவர்கள், மூட்டையோடு சனம். ஒரு ஓரமாகச் சாமியானா, அதன் கீழ் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் இயக்குநர் அன்பரசியும் வாரியத்தாரும். மாணிக்கம்மாள் கண்ணை மூடி முதல் அடியை எடுத்தாள்.

மேல்சீங்காடு வாங்கியது. ரஹ்மான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு 'ஓ' போட்டான் பாருங்கள், தார்கள் ஆடின. பூக்காரிகள் சேர்ந்தார்கள். முறுக்குத் தட்டுகள் தரைக்கு வந்தன. வேலூர் பஸ் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டி வாயைத் திறந்தார். பின்னால் நின்ற பஸ்ஸில் ஒரு கல்யாணக் கூட்டமே எழுந்து நின்று பாடியது. கோவிந்தனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாமி மலையிறங்கி வந்து போளூர் பேருந்து நிலையத்தில் நிற்கிறது என்றே நினைத்தான். சான்று கைக்கு வந்த மாதிரிதான், பிள்ளை நர்சாகிவிடுவாள் என்று நினைத்தான். இத்தனை சந்தோஷம் அவனுக்கு வாழ்க்கையில் நாலைந்து தடவைதான் வந்திருக்கும்.

அப்போது மாணிக்கம்மாள் கண்ணைத் திறந்தாள். பேருந்து நிலையம் முழுக்கத் திறந்த வாய்கள். சாமியானாவின் கீழே மட்டும் மூடியபடி ஐந்து.

பாட்டு நின்றது. மாணிக்கம்மாள் குனிந்து சிமெண்டுத் தரையைத் தொட்டாள். முதல் அடியிலிருந்து தொடங்கினாள். மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி நின்றது. கோவிந்தன் நாற்காலிகளைப் பார்த்து, வாயைத் திறவுங்கள் தாயே என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டிக் கெஞ்சினான். தொன்மையான கை அசைவு, ஆவணப்படுத்தத்தக்கது என்று இணை இயக்குநர்களில் ஒருவர் குறித்துக்கொண்டார். மூன்றாவது தடவை நின்றது. நான்காவது தடவையும் நின்றது. மேல்சீங்காட்டார் நிறுத்தினாலும் ரஹ்மானும் கூட்டமும் நிறுத்தவில்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது, பாவம், வாக்குக் கொடுத்தபடி பாடிக்கொண்டே இருந்தார்கள்.

அன்பரசி ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "பொதுமக்கள் பாடக் கூடாது! பொதுமக்கள் வியக்க வேண்டும்! வாழைப்பழம் பாய், உங்க வலது கை எங்கே?"

கோவிந்தன் சாமியானாவுக்கு ஓடினான். "அம்மா, நீங்க அஞ்சு பேரும் ஒரே ஒரு 'ஓ' போட்டுடுங்க, போதும். உங்க காலுல வுழறேன்."

"நாங்க மதிப்பிட வந்திருக்கோம்ப்பா," என்றார் அன்பரசி, மிகவும் பொறுமையாக. "மதிப்பிடறவங்க பாடினா அப்புறம் யார் மதிப்பிடறது?"

இருபத்து நான்காம் தேதி அறிக்கை வந்தது. மேல்சீங்காடு குழுவினர் தங்கள் மரபுப் பாடலை நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் மறந்துவிட்டனர். இலைகளை அணியவில்லை. பொதுமக்கள் வாய் திறந்தே இருந்ததால் கண்களை அளக்க இயலவில்லை, கண்ணீர் பூஜ்யம். ஆகவே சான்று மறுக்கப்படுகிறது. அதே சமயம், நிலையத்தில் இருந்த முப்பத்தெட்டு பேர் எவ்விதப் பயிற்சியும் இன்றி இடைவிடாமல் பாடியது அவர்களின் பிறவி மரபைக் காட்டுவதால் அவர்களுக்கு மலைமரபுச் சான்று வழங்கப்படுகிறது. முதல் பெயர் ரஹ்மான். கோவிந்தனுக்கும் ஒன்று வைத்திருந்தார்கள். ஐந்தாவது கேமராவில் அவன் முகம்தான் அன்றைக்கு மிக உண்மையாகத் திகைத்திருந்ததாம். அதற்காக வியப்புச் சான்று.

ரஹ்மான் மலையேறி வந்து வாசலில் நின்றான். கண் சிவந்திருந்தது. "எங்கப்பா வாணியம்பாடித் தோல் ஷாப்ல வேல பாத்தவருங்ணா. நான் இந்த மலைக்கு வந்ததே ஒரே ஒரு தபா, பலாப்பழம் வாங்க. இத்த வாணாம், பொண்ணு பேருக்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். திருப்பிக் குடுத்தா போலின்னு ஒத்துக்கிட்ட மாதிரியாம், கேஸ் போடுவாங்களாம். தொரத்திட்டாங்கணா."

மேல்முறையீடு என்று ஒன்று இருந்தது. இருபத்தொன்பதாம் தேதி மாலை நான்கு மணி, போளூரில் வாரியத்தின் முகாம் அலுவலகம். இந்தத் தடவை ஊர் வேண்டாம், சான்று கேட்கிற கோகிலவாணியே மனுதாரராகப் பாட வேண்டும், உறவினர் ஒருவர் கூட வரலாம். போகும்போது பஸ்ஸில் கோகிலவாணி ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவங்கள செவுருன்னு நெனச்சிக்கப்போறேன்பா. செவுத்துக்கு முன்னால பாடினா குத்தமில்லல்ல?"

"செவுத்துக்கு ஏது கண்ணு வாயி? குத்தமே இல்ல."

"நீ வாங்கிப் பாடு. உன் குரல் ஒண்ணு இருந்தா போதும், நான் முடிச்சிடுவேன்."

"பாடாம? நான் எதுக்குக் கீறேன்?"

அலுவலகத்தில் கோகிலவாணியை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். நடையில் கோவிந்தனை நிறுத்தி பிரகாஷ் ஒரு தாளை நீட்டினார். "உறவினர்கள் பார்வையாளரா மட்டும் இருக்கலாங்க. நடுவுல உங்க வாய் திறந்துச்சுன்னா அது உதவி. அந்த நிமிஷமே மனு தள்ளுபடி. இரண்டே நிமிஷம்தாங்க. இங்க கையெழுத்து."

"சார், பாப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்டு வந்துடறேன்."

"நேரம் ஆரம்பிச்சிடுச்சுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவோரம் நின்றான். அன்பரசி மேசைக்குப் பின்னால் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். "எப்போ தோணுதோ அப்போ பாடும்மா. அவசரமே இல்லை. இரண்டு நிமிஷத்துக்குள்ள தோணணும்."

கோகிலவாணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முதல் அடியை எடுத்தாள். அத்தையின் குரல் அப்படியே அவளுக்கு வந்திருந்தது. அடி முடிந்ததும், வாங்கிப் பாடுகிறவனுக்காக நிறுத்தினாள். ஒரு சத்தமும் வரவில்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று இரண்டாவது அடியை எடுத்தாள். நிறுத்தினாள். மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தாள்.

கோவிந்தன் உதட்டைப் பல்லால் கடித்து மூடிக்கொண்டு நின்றான். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. கண்ணீர் மதிப்பீட்டு அலுவலர் எழுந்து வந்து, இரண்டு கண்ணும் என்று குறித்துக்கொண்டார். கோகிலவாணி குனிந்து தரையைத் தொட்டாள். முதல் அடியிலிருந்து தொடங்கினாள். அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு பாடினாள். அது திறக்கவில்லை. மறுபடி குனிந்தாள், தொட்டாள், தொடங்கினாள். திறக்கவில்லை.

"நீயுமாப்பா?"

சொல்வதற்கு அவனிடம் இருந்தது. நடையில் கையெழுத்து வாங்கியதைச் சொல்ல வேண்டும், உனக்காகத்தான் கண்ணு என்று சொல்ல வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் இன்னும் இருபது விநாடி பாக்கி இருந்தது. தலையை ஆட்டினான். நடைப்பக்கம் கையைக் காட்டினான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்லூரிக் கடிதம் இருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவனைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

"மூணு தடவையும் மறந்துபோச்சு, பாவம்," என்று அன்பரசி தள்ளுபடி முத்திரையை மையில் ஒற்றி எடுத்தார். "ஆனா அப்பா எவ்வளவு அழகாக் கேட்டார் பார்த்தீங்களா? இந்த மாதிரி ஆடியன்ஸ் கிடைக்கிறதில்லை. பேரைக் குறிச்சு வைங்க."

பிரகாஷ் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் முடிஞ்சிடுச்சுங்க. இப்ப நீங்க வாயைத் திறக்கலாங்க," என்றார் மரியாதையாக.

கோவிந்தன் திறந்தான். அதற்குள் அவள் ரோட்டைக் கடந்து பேருந்து நிலையத்துக்குள் போய்விட்டிருந்தாள்.